லெட்டர்பேடில் பெரிய பதவி, பொறுப்பு யாருக்கு?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மன்னார்குடியில் ஒரு கடையில் 5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார் வாங்கினேன். ஒரு வருட வாரன்டி. குறுவை நடவு முடிந்த கையோடு காயில் எரிந்துவிட்டது. புகார் சொன்னதும் ‘சீனியர் ஜெனரல் மேனேஜர்’ பெயரில் ஒரு கடிதம், ‘சட்டப் பிரிவுத் தலைவர்’ பெயரில் இன்னொன்று. வோல்டேஜ் கோளாறாம், மாற்றித் தர முடியாதாம், மேற்கொண்டு புகார் செய்தால் வழக்காம். இவ்வளவு பெரிய நிறுவனத்தோடு நான் மோத முடியுமா?
– வாசகர், வடுவூர்

பதில்: தாராளமாக முடியும். அது பெரிய நிறுவனம்தானா என்பதைப் பில்லே சொல்லிவிடும். பில்லில் உள்ள 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்தும் பான் எண். மொத்த எண்ணில் ஆறாவது இடத்தில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். ‘பி’ என்றால் தனிநபர், ‘எஃப்’ என்றால் கூட்டு நிறுவனம், ‘சி’ என்றால் பதிவு பெற்ற கம்பெனி. அதே எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுத் தேடினால் உரிமையாளரின் பெயரும் முகவரியும் வந்துவிடும். கட்டணம் கிடையாது.

‘பி’ என்று இருந்தால் கடை வேறு, உரிமையாளர் வேறு அல்ல. எந்தப் பதவியில் யார் கையெழுத்துப் போட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஒருவர்தான். பலர் சறுக்குவது இந்த இடத்தில்: கடிதத்தில் கண்ட மேனேஜர் பெயருக்கே நோட்டீஸ் அனுப்புவார்கள், ‘அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்’ என்று அது திரும்பி வரும். உரிமையாளர் பெயர், கடைப் பெயர் இரண்டையும் எழுதுங்கள். வாரன்டி அட்டை தயாரிப்பாளர் பெயரில் இருந்தால் அவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டப் பிரிவுத் தலைவரைக் கண்டு அஞ்ச வேண்டாம். முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய பார் கவுன்சில் விதி இடம் கொடுப்பதில்லை. வழக்கறிஞரின் பெயரும் பதிவு எண்ணும் இல்லாத அந்தக் கடிதம் கடைக்காரர் கடிதம்தான், வக்கீல் நோட்டீஸ் அல்ல.

ஆனாலும் இரண்டையும் பத்திரமாக வையுங்கள். மோட்டாரை விற்றதையும், அது எரிந்ததையும் அவர்களே ஒப்புக்கொண்ட ஆவணங்கள் அவை. இனி சண்டை வோல்டேஜைப் பற்றி மட்டும். ஆகவே மோட்டாரை ரீவைண்டிங் செய்யக் கொடுத்துவிடாதீர்கள், சாட்சியமே போய்விடும். பிரிக்கும்போது கூடவே நின்று காயிலைப் படம் எடுங்கள். ஒன்றிரண்டு பேஸின் (மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை) சுருள்கள் மட்டும் கருகி மற்றவை புதிதுபோல் இருந்தால், ஒரு பேஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது. எல்லாமே ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடு அல்லது குறைந்த வோல்டேஜ். மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருந்து ஒரே புள்ளியில் பொத்தலாகியிருந்தால் தயாரிப்பிலேயே வந்த இன்சுலேஷன் (மின்காப்பு) குறையைச் சந்தேகிக்கலாம், அதுதான் உங்களுக்குச் சாதகம். ஸ்டார்ட்டர் பெட்டியில் பேஸ் போனால் நிறுத்தும் கருவி இருந்தால் அதையும் படம் எடுங்கள்.

பிறகு 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள், ஒப்புகையும் கேட்டு வாங்குங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம். அதிலும் தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டமான திருவாரூரின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, கெடு 2 வருடம். பிழைப்புக்காகச் சொந்தமாகப் பயிர் செய்பவரை ‘வணிக நோக்கம்’ என்று தள்ள முடியாது.

கேள்வி: நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கிறேன். விளக்கு வாங்கும் வெளியூர் ஷோரூம் பாக்கியை இழுத்தடிக்கிறது. லெட்டர்பேடில் என்னை ‘மேனேஜிங் டைரக்டர்’ என்றும், அக்கா மகனை ‘ஜெனரல் மேனேஜர்’ என்றும் போட்டால் மதிப்பார்களா?
– வாசகர், நாச்சியார்கோவில்

பதில்: வேண்டாம். டைரக்டர் என்பது கம்பெனிக்கு உரிய பதவி. வழக்கு என்று வந்தால் முதல் குறுக்குக் கேள்வியே அதில்தான் விழும். கூடவே ‘பிரைவேட் லிமிடெட்’ என்றும் சேர்த்தால் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பயன்படுத்திய ஒவ்வொரு நாளுக்கும் 500 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். ‘ஜெனரல் மேனேஜர்’ போடுவதில் குற்றமில்லை. ஆனால் அந்தப் பதவியை நம்பித்தான் எதிர்தரப்பு பேசும். அக்கா மகன் ‘பத்தாயிரம் தள்ளுபடி தருகிறோம்’ என்று எழுதிவிட்டால், ‘நான் சொல்லவில்லை’ என்று நீங்கள் தப்புவது கடினம்.

உங்களுக்குப் பலம் தருவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு. அரசு தளத்தில் இலவசம், பணம் கேட்கும் இடைத்தரகர் தளங்களுக்குப் போகாதீர்கள். உற்பத்தி செய்யும் குறுந்தொழில் என்பதால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குமேல் பாக்கி வைக்கக் கூடாது, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டியைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி, மாதம்தோறும் கணக்கிடப்படும். வாங்கி விற்கும் கடைகளுக்கு இந்தச் சலுகை கிடையாது.

சரக்கு அனுப்பும் முன்பே பதிவு செய்திருப்பதுதான் பாதுகாப்பு. எனவே அடுத்த லோடுக்கு முன் பதிந்து, பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். சரக்கு இறங்கிய தேதியோடு ஷோரூம் முத்திரையும் வாங்கி வையுங்கள், நாள் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும்.