ஃபில்லர் போட ரெண்டு நாள் கோர்ஸ் காணுமோ?

முகத்தில சுருக்கம், பள்ளத்தை நிரப்ப ஊசியால ஏத்திற ஜெல்தான் ஃபில்லர்; அதைப் போட, ஊசி போடத் தெரிஞ்ச டொக்டருக்கு ரெண்டு நாள் கோர்ஸ் காணாதோ எண்டு கேட்டிருக்கிறீங்கள், காணவே காணாது. ஃபில்லர் தவறி ரத்தக்குழாய்க்குள்ள போனா தோல் செத்துப்போகும், மூக்கடியில எண்டா கண் பார்வையே போகலாம், அதால முகத்தில எந்தக் குழாய் எங்க ஓடுது, அடைபட்டா ஹயலூரோனிடேஸ் எண்ட மருந்தடிச்சு ஃபில்லரை எப்பிடிக் கரைக்கிறது எண்டெல்லாம் அனுபவமுள்ள ஒராளுக்குப் பக்கத்தில நிண்டு செய்து பழகோணும். பிரிட்டன்ல 2016ல மெடிக்கல் கவுன்சில் விதி போட்டது, செய்யிற டொக்டரே நோயாளியோட கதைச்சு சம்மதம் எடுக்கோணும், யோசிக்க டைமும் குடுக்கோணும்.

எங்கட வன்னியில ஷெல் காயத் தழும்போட எத்தினை பிள்ளையள் இருக்கினம், தழும்புக்கு லேசர் அடிக்கிறதையும் வெள்ளைத் தோலில மட்டும் பழகினவர் அந்தப் பிள்ளையளில கைவச்சா இன்னும் கறுத்துப்போகும், எங்கட தோலிலயே பழக்கோணும்.