சின்னையாவின் சலக்கணக்குக் கொப்பி

அன்புள்ள அண்ணா,

வன்னியில் ஒரு புனர்வாழ்வு வைத்தியசாலையில் விடுதிப் பொறுப்புத் தாதியாக இருக்கிறேன். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களும் பாரிசவாதக்காரரும் மாதக்கணக்கில் எங்களோடு இருப்பார்கள். பள்ளிக்கூட நாளில் கவிதை எழுதினேன். இப்போது கதை எழுத ஆசை. ஆனால் எதை எழுதுவது? ஒருவர் எழும்பி நடந்தால் வீட்டுக்காரர் உடற்பயிற்சி கொடுக்கும் இயன்மருத்துவரின் கையைப் பிடித்து அழுகிறார்கள். எங்கள் வேலை சலமும் மலமும் மட்டும்தான். அதைக் கதையாக எழுதினால் யார் வாசிப்பார்கள்? என்னோடு படித்தவர்களில் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். நானும் விண்ணப்பிக்கலாமா என்று யோசனை. என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் வந்த அன்று சின்னையாவின் திவசத்துக்காக ஒட்டுசுட்டானில் நின்றேன். சாப்பாடு முடிந்து ஆட்கள் போன பிறகு சின்னம்மா அலுமாரியைத் திறந்து தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். அதைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதுதான் கைப்பேசியில் உங்கள் கடிதத்தைப் பார்த்தேன். அதனால்தான் அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன்.

வெளிநாட்டு விசயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். போவதென்றால் போங்கள். 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாடு இது. உழைத்து வீடு பார்க்க வேண்டிய ஒரு பெண்ணிடம் போகாதே என்று சொல்ல எனக்கு ஒரு உரிமையும் இல்லை. இயன்மருத்துவரைக் கும்பிடுகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போகட்டும், அவரும் உழைத்தவர்தான்.

ஆனால் ஒரு சொல்லுக்காக உங்களோடு சண்டை பிடிக்காமல் விட முடியாது. 'சலமும் மலமும் மட்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'மட்டும்' என்ன? வெளியாள் ஒருவர் எழுதியிருந்தால் தெரியாமல் எழுதுகிறார் என்று விட்டிருப்பேன். நீங்கள் அதை எழுதலாமா? பொறுப்புத் தாதியே இப்படி நினைத்தால் உங்களுக்குக் கீழே வேலை பழகுகிற பிள்ளை என்ன நினைக்கும்?

சின்னையாவின் கதையைக் கேளுங்கள். அவர் முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணியில் வயல் செய்தவர். 2009 மார்ச்சில், இறுதிப் போரில், முல்லைத்தீவுக் கரையில் இருக்கும் மாத்தளனில் முதுகில் ஷெல் துண்டு பட்டது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பினார், நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. அதன் பிறகு முகாம், பிறகு ஊர். நிரந்தரமாகப் போட்ட சலக்குழாயும் ஒரு பையும் அவரோடு வீட்டுக்கு வந்தன. சின்னம்மா அந்தப் பையைக் கறுப்புச் சொப்பிங் பாக்குக்குள் போட்டு, அதன் மேல் துவாய் ஒன்றையும் போட்டுவிடுவார்.

2013இல் மகளின் கலியாணம், அவர்கள் வீட்டு முற்றத்திலேயே. சின்னையா பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். மணவறைக்கும் அந்த அறைக்கும் இடையில் பதினைந்து அடிகூட இராது. எல்லோரும் போய்க் கூப்பிட்டோம், சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். காரணம் பிறகுதான் தெரிந்தது. சபையில் சலம் மணக்கும் என்ற பயம். முதல் நாள் மத்தியானத்திலிருந்து அவர் ஒரு மிடறு தண்ணி குடிக்கவில்லை. அன்றிரவே காய்ச்சல், சலத்தில் கிருமி.

கால் போனதைப் பற்றி அவர் அழுது நான் பார்த்ததில்லை. செத்த வீடு, கலியாண வீடு, கோயில் எதற்கும் போகவில்லை. கேட்டால் உடம்பு சரியில்லை என்பார். ஊர் அவரைக் கர்வக்காரன் என்றது.

2015இல் குண்டியில் படுக்கைப்புண் ஆழமாகி ஒரு புனர்வாழ்வு விடுதிக்குக் கொண்டுபோனோம். அங்கே பொறுப்பாக இருந்த சிஸ்டர் மட்டக்களப்புப் பக்கம். புண் ஆறி வரும்போது ஒரு நாள் கட்டிலடிக்கு வந்து, "ஐயா, கணக்கு எழுதத் தெரியுமா?" என்று கேட்டாராம். இருபது வருசம் கமக்காரர் சங்கத்துக் கணக்கு எழுதியவரிடம் இந்தக் கேள்வி! சின்னையாவுக்குக் கோபம். சிஸ்டர் ஒரு சீ.ஆர். கொப்பியில் மூன்று நிரல் கீறிக் கொடுத்தார். நேரம். குடிச்சது. போனது.

நிரந்தரக் குழாயை எடுத்துவிட்டு, நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் தானே குழாய் விட்டுச் சலத்தை எடுக்கப் பழக்கினார். உடம்புக்குள் இருக்கும் சலப்பையில் 500 மில்லிலீற்றருக்கு மேல் சேர விடக்கூடாது, சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று விளங்கப்படுத்தினார். சின்னையா கொஞ்சம் யோசித்துவிட்டு, "வான் பாய முதல் துருசைத் திறக்க வேணும், அவ்வளவுதானே" என்றாராம். வான் பாய்வது என்றால் குளம் நிரம்பி வழிவது, துருசு என்றால் மதகு. குளத்துத் தண்ணியோடு வாழ்ந்த மனிசனுக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை.

இந்த முறையை வீட்டில் செய்யலாம் என்ற துணிவு 1972இல் வந்தது. கிருமி நீக்கிய கையுறையும் விடுதிச் சுத்தமும் இல்லாமல் முடியாது என்றிருந்த காலத்தில், அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லாபிடிஸ் என்ற மருத்துவர் சவர்க்காரம் போட்டுக் கழுவிய கை போதும், நேரத்துக்கு எடுப்பதுதான் முக்கியம் என்று காட்டினார். ஒட்டுசுட்டான் கிணற்றடிக்கும் அது பொருந்தியது.

வெளிக்குப் போவதற்கும் சிஸ்டர் அப்படியே நேரம் வைத்தார். காலையில் தேத்தண்ணி குடித்து இருபது நிமிசத்தில் கொமட் நாற்காலியில் ஏற்றிவிடுவார். வயிற்றுக்குள் சூடாக ஏதாவது போனால் பெருங்குடல் தானாக அசையும், முள்ளந்தண்டு அடிபட்டாலும் அந்த அசைவு மிஞ்சியிருக்கும் என்று சொல்லிக்கொடுத்தார். பழக ஏழு வாரம் பிடித்தது. நடுவில் எத்தனையோ நாள் படுக்கை பழுதானது. சின்னம்மா துடைக்க ஓடினால் சிஸ்டர் மறிப்பாராம். "நீங்க அவருக்கு மனுசியா இருங்க. நேர்ஸ் வேலைக்கு எனக்குச் சம்பளம் தாறாங்க." இதைச் சொல்லும்போது சின்னம்மாவுக்கு இன்றைக்கும் குரல் அடைக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் முள்ளந்தண்டு முறிந்தவர்களில் பெரும்பாலானோர் கொஞ்சக் காலத்திலேயே இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றவை படுக்கைப்புண்ணும் சலக்கிருமியும். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில், ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து தப்பி வந்த லுட்விக் குட்மன் என்ற யூத மருத்துவர் தனி விடுதி தொடங்கினார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், இரவும் பகலும், ஒவ்வொருவரையும் புரட்ட வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. 1948இல் அதே மருத்துவமனையில் 16 பேர் சக்கர நாற்காலியில் இருந்து வில் எய்தார்கள், பாராலிம்பிக் அங்கிருந்துதான் வளர்ந்தது. வில் எய்தவர்களைப் படம் பிடித்தார்கள். இரவு இரண்டு மணிக்கு அவர்களைப் புரட்டிய தாதியரை யார் எழுதினார்கள்? நீங்கள் எழுதாமல் வேறு யார் எழுதுவது? அதை விட்டுவிட்டு எதை எழுதுவது என்று என்னைக் கேட்கிறீர்கள்!

நோயாளியின் பெயர், ஊர், காயப்பட்ட விதம் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அதற்கு மேல், யாரும் அடையாளம் கண்டுவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம்.

இன்னொன்றும் எழுதுங்கள். உங்களிடம் பழகி வீட்டுக்குப் போகிறவருக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதை. பொதுக் கட்டிடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் போய்வர வசதி செய்ய வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2006 ஒக்ரோபரில் வர்த்தமானியில் வந்தது. பழைய கட்டிடங்களுக்கு மூன்று வருசத் தவணை. வன்னியில் பழையது என்று சொல்ல என்ன மிஞ்சியது? இன்றைக்கு நாம் பார்க்கும் மண்டபங்களிலும் அலுவலகங்களிலும் பெரும்பாலானவை 2009க்குப் பிறகு, அந்தச் சட்டம் இருக்கும்போதே கட்டியவை. ஒரு கலியாண மண்டபத்து மலசலகூடத்தைப் போய்ப் பாருங்கள். வாசலில் படி, உள்ளே சக்கர நாற்காலி நுழையாத கதவு. மாதக்கணக்கில் நீங்கள் பழக்கி அனுப்பியவரை எட்டு அங்குலப் படி ஒன்று பின்னறைக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. காசு கொடுத்துக் கட்டியவர்கள் நம் ஆட்கள்தான். இதற்கு யாரைக் குறை சொல்லப் போகிறோம்? கேட்டால் 'பாவம்' என்று உச்சுக்கொட்டுவார்கள். அந்த உச்சுக்கொட்டலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு சாய்தளம் போடுங்கள், கதவை அகலமாக வையுங்கள், உங்கள் 'பாவம்' யாருக்கும் தேவையில்லை.

சரி, கொப்பிக்கு வருகிறேன். 2016 வைகாசிப் பொங்கலுக்கு சின்னையா வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். காயப்பட்ட பிறகு அவராகக் கேட்ட முதல் பயணம். தெரிந்த பெடியன் ஒருவனின் ஓட்டோவில் இரண்டு பக்கமும் சேலை கட்டினோம். ஒரு போத்தல் தண்ணி, சவர்க்காரம், குழாய், வெறும் போத்தல் ஒன்று. கோயிலடியில் சனக்கூட்டத்துக்குள் தன் நாற்காலியைத் தானே தள்ளினார். ஏழு வருசமாக முகம் பார்க்காத ஆட்கள் வந்து கையைப் பிடித்தார்கள். கச்சான் வாங்கி மடியில் கொட்டிக்கொண்டு உடைத்து உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார். பிறகு தேத்தண்ணிக் கடையைக் காட்டி, தனக்கொரு பிளேன்ரீ வேண்டும் என்றார். அதைக் குடித்து முடித்து இன்னொன்று கேட்டார். சின்னம்மா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

யார் வாசிப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். சின்னம்மா வருசத்துக்கு ஒரு தரம் அந்தக் கொப்பியை முதற் பக்கத்திலிருந்து வாசிக்கிறார். அன்றும் என் மடியில் வைத்து அவரே ஒரு பக்கத்தை விரித்து விரலை வைத்துக் காட்டினார். சின்னையாவின் சரிந்த எழுத்து:

'வற்றாப்பளை. இரவு 9.40. பிளேன்ரீ 2. போனது 380.'