கிரீன் கார்டு, பிஆர்: நாள் கடந்து திரும்புகிறவர்களுக்குக் கேள்வி பதில்

பெயர் வேண்டாம், ஏரியாவை மட்டும் போட்டுக் கேளுங்கள். எந்த நாட்டு பிஆர் (நிரந்தரக் குடியிருப்பு உரிமை; அமெரிக்காவில் அதற்கான அட்டைதான் கிரீன் கார்டு), கடைசியாக அங்கிருந்து கிளம்பிய தேதி என்ன, இந்த இரண்டும் இல்லாத கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

அண்ணா நகர்: அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததால் இந்தியா வந்தேன். 19 மாதம் ஆகிவிட்டது. நீண்ட நாள் வெளியே இருக்க முன்கூட்டியே எடுக்கும் ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்கவில்லை. கிரீன் கார்டு 2029 வரை இருக்கிறது. அப்படியே டிக்கெட் போடலாமா சார்?

2029 என்பது அட்டையின் ஆயுள். உங்கள் அந்தஸ்தின் ஆயுள் அல்ல. வெளியே இருந்தது ஒரு வருடத்துக்குள் என்றால்தான் அந்த அட்டை பயண ஆவணமாகச் செல்லும். 19 மாதம் என்றால் மீனம்பாக்கத்திலேயே ஏர்லைன் கவுன்ட்டரில் ஏற்ற மறுக்கலாம். ஏற்றிவிட்டாலும், அங்கே இறங்கியபின் விசா இல்லாமல் உள்ளே விட ஐ-193 என்ற விலக்கை அதிகாரி தர வேண்டும். அது அவர் விருப்பம்.

முறையான வழி எஸ்பி-1, அதாவது திரும்பும் குடியிருப்பாளர் விசா. டிஎஸ்-117 படிவம், 180 டாலர் கட்டணம். மூன்று விஷயம் நிரூபிக்க வேண்டும்: கிளம்பும்போது பிஆர் ஆக இருந்தீர்கள், திரும்பும் எண்ணத்தோடு கிளம்பி அதை நடுவில் மாற்றவில்லை, தங்கல் நீண்டதற்குக் காரணம் உங்கள் கையை மீறியது. முதல் இரண்டில் பெரும்பாலும் சிக்கல் வராது. விழுவது மூன்றாவதில்தான்.

‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லை’ என்று ஒரு டாக்டர் கடிதம் மட்டும் கொண்டுபோனால் தேறாது. மாதவாரியாக ஒரு கால வரிசை எழுதுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே ஒரு காகிதம்: டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் தேதி, பிசியோதெரபி ரசீது, மறுபடி அட்மிட் ஆன விவரம். நரம்பியல் மருத்துவர் கடிதத்தில் நோயின் பெயரோடு, இன்னொருவர் துணை ஏன் தேவைப்பட்டது, எந்தத் தேதி வரை தேவைப்பட்டது என்பதும் இருக்க வேண்டும். அண்ணன் தம்பி இதே ஊரில் இருந்தால், அவர்களால் ஏன் முடியவில்லை என்பதற்கும் பதில் வேண்டும். அப்பா மார்ச்சில் எழுந்து நடக்கிறார், நீங்கள் டிசம்பர் வரை இருந்தீர்கள் என்றால் அந்த ஒன்பது மாதத்தைத்தான் அதிகாரி கேட்பார். அமெரிக்கப் பக்கம் வரி டிரான்ஸ்கிரிப்ட், வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுக்கடன், வங்கிக் கணக்கு, வேலையில் விடுப்புக் கடிதம்.

ஒப்புக்கொண்டால் அதன்பின் டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பம், மருத்துவப் பரிசோதனை, போலீஸ் கிளியரன்ஸ். கிளியரன்ஸுக்கு பாஸ்போர்ட் சேவா மூலம் விண்ணப்பியுங்கள். சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் எது கிடைக்கிறதோ அது. இந்தியாவில் குடியேற்ற விசா நேர்காணல் பெரும்பாலும் மும்பையில்தான். ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள தூதரகத்தில் போய் நின்று பயனில்லை.

வேளச்சேரி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தால் கிரீன் கார்டு காப்பாற்றப்படும் என்கிறார்களே?

சட்டத்தில் அப்படி ஒரு விதியே இல்லை. 180 நாளைத் தாண்டினால் உங்களைப் புதிதாக அனுமதி கேட்கிறவராக நடத்தலாம். அதற்கு உட்பட்டுத் திரும்பினால் அந்தத் தொல்லை குறைவு, அவ்வளவுதான். வீடு இங்கே, வேலை இங்கே, பிள்ளைகள் பள்ளி இங்கே, அங்கே ஓர் உறவினர் வீட்டு முகவரி மட்டும் என்றால், ஐந்தாவது மாதத்தில் போனாலும் கைவிட்டதாகக் கருதலாம். கையில் பத்து நாளில் சென்னை திரும்பும் டிக்கெட் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

தாம்பரம்: ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு இங்கிருந்தே ஆன்லைனில் போடலாமா?

முடியாது. அதற்கான ஐ-131 படிவம் தாக்கலாகும் நாளில் நீங்கள் அமெரிக்காவில் இருந்தாக வேண்டும். கைரேகையும் அங்கேதான். கைரேகை முடிந்தபின் கிளம்பிவிடலாம். பெர்மிட்டை வெளிநாட்டில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் வாங்கிக்கொள்வதாகப் படிவத்திலேயே குறிக்கலாம். பொதுவாக 2 வருடம் செல்லும். கடந்த 5 வருடத்தில் 4 வருடத்துக்கு மேல் வெளியே இருந்தவர்களுக்கு 1 வருடம்தான். நீட்டிப்பு கிடையாது, திரும்பிப் போய்ப் புதிதாகத்தான் போட வேண்டும். பெர்மிட் இருந்தால் வெளியே இருந்த கால அளவை மட்டும் வைத்து உங்களைத் தடுக்க முடியாது. மற்ற காரணங்களை வைத்துத் தடுக்கலாம்.

மயிலாப்பூர்: மகளுக்குக் கிரீன் கார்டு. மாப்பிள்ளை எச்-1பி வேலை விசா. தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். குழந்தைக்கு என்ன விசா எடுக்க வேண்டும்?

நல்ல கேள்வி அம்மா. நாள் தவறினால் கை நழுவிப்போகிற விஷயம் இது. தாய் பிஆர் ஆக இருந்து, தற்காலிகமாக வெளிநாடு வந்த இடத்தில் குழந்தை பிறந்தால், அந்தக் குழந்தைக்கு விசாவே தேவையில்லை. நிபந்தனைகள்: குழந்தைக்கு 2 வயது முடிவதற்குள் போக வேண்டும், பிரசவத்துக்குப் பின் உங்கள் மகள் முதன்முறையாகத் திரும்பும் அதே பயணத்தில் குழந்தையும் கூட இருக்க வேண்டும், மகளின் கிரீன் கார்டு அந்தஸ்து சிக்கலில்லாமல் இருக்க வேண்டும்.

அந்த ‘முதன்முறை’யில்தான் பலர் வழுக்குகிறார்கள். வேலைக்காகத் தாய் மட்டும் போய் வந்து, குழந்தையை அடுத்த முறை கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தால் சலுகை போய்விடும். அதன்பின் குழந்தைக்குத் தனியாக மனு போட்டு வரிசையில் நிற்க வேண்டும்.

மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரும் ஏறியிருக்க வேண்டும். பெயர் வைக்கும் முன் வாங்கிய வெற்றுச் சான்றிதழோடு போகாதீர்கள். தாயின் பெயர் அதில் இருப்பதும், கிரீன் கார்டில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகட்டும். இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் விரிவாக என்றால் இப்போதே திருத்துங்கள். குழந்தைக்கு இந்திய பாஸ்போர்ட் எடுங்கள். விசா இல்லாத கைக்குழந்தையைப் பார்த்து ஏர்லைன் ஊழியர் குழம்புவார், அதனால் ஏர்லைனுக்கு முன்கூட்டியே எழுதி, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்கு வந்த தாயும் ஒரு வருடத்தைத் தாண்டக் கூடாது.

பெசன்ட் நகர்: நாங்கள் இருவரும் 70 தாண்டியவர்கள். மகன் அமெரிக்கக் குடிமகன், அவன் போட்டுத்தான் கார்டு வந்தது. வருடத்துக்கு 3 மாதம்தான் போகிறோம். ஒவ்வொரு முறையும் அதிகாரி முறைக்கிறார்.

முறைக்காமல் என்ன செய்வார் ஐயா? வருடத்தில் 9 மாதம் பெசன்ட் நகரில் இருக்கிறவர் அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கிறவர் இல்லையே. கார்டை ஐ-407 போட்டு ஒப்படைத்துவிட்டு, பி-2 விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பியுங்கள். 3 மாதப் பேரன் பேத்தி பார்ப்புக்கு அது போதும்.

நங்கநல்லூர்: இது அநியாயம் சார். கஷ்டப்பட்டு வாங்கியதை நீங்களே விடச் சொல்கிறீர்கள். விட்டபின் பி-2 தரவில்லை என்றால்?

பி-2 உறுதி என்று நான் சொல்லவில்லை. ஆனால் தானாக முன்வந்து ஒப்படைத்தவருக்கு, ‘இங்கே வசிக்கும் எண்ணமில்லை’ என்பதற்கு அந்த ஐ-407 நகலே சான்று. பின்னால் அங்கேயே போய் இருக்க வேண்டிய நிலை வந்தால், 21 வயது தாண்டிய குடிமகன் பெற்றோருக்கு மறுபடி ஐ-130 என்ற குடும்ப மனு போடலாம். அந்தப் பிரிவுக்கு ஆண்டு உச்சவரம்பு இல்லை. உடன்பிறந்தவர் மூலம், 15 வருடத்துக்கு மேல் வரிசையில் நின்று கார்டு வாங்கியவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். விட்டால் அந்த வரிசையின் கடைசியில்தான் மறுபடி நிற்க வேண்டும்.

நங்கநல்லூர்: அப்படியென்றால் விமான நிலையத்தில் அதிகாரி அந்தப் படிவத்தை நீட்டும்போதே கையெழுத்துப் போட்டுவிடலாமே?

இரண்டும் வேறு. வீட்டில் யோசித்து ஒப்படைப்பது உங்கள் முடிவு. 20 மணி நேரப் பயணத்துக்குப் பின் தூக்கக் கலக்கத்தில், படிக்காத காகிதத்தில் போடும் கையெழுத்து முடிவே அல்ல. ஐ-407-இல் கையெழுத்துப் போடக் கட்டாயம் கிடையாது. ‘குடியேற்ற நீதிபதி முன் விசாரணை வேண்டும்’ என்று சொல்லலாம். அப்போது ஆஜராகும்படி நோட்டீஸ் தருவார்கள். நீதிபதி இறுதியாக உத்தரவிடும் வரை நீங்கள் பிஆர்தான். கைவிட்டீர்கள் என்று நிரூபிக்கும் சுமையும் அரசின் மேல், அதுவும் தெளிவான, ஐயமற்ற சான்றோடு.

ஆலந்தூர்: இதற்கெல்லாம் ஒரே வழி அபுதாபி ரூட். அங்கேயே அமெரிக்க இமிக்ரேஷன் முடிந்துவிடும், கேள்வியும் கம்மி. நங்கநல்லூர் சார், அதில் போங்கள்.

தயவுசெய்து இப்படிச் சொல்லாதீர்கள். அபுதாபியில் இருப்பதும் அதே அமெரிக்க எல்லை அதிகாரிகள்தான், கேட்கும் கேள்வியும் அதேதான். ஆனால் அது அமெரிக்க மண் அல்ல. அங்கே சந்தேகம் வந்தால், ‘நீதிபதி முன் போகிறேன்’ என்று சொல்லி உள்ளே நுழைய வழியில்லை. விமானத்தில் ஏற்றாமல் திருப்பிவிடலாம். டப்ளினும் அப்படியே. கணக்கு சுத்தமாக இருப்பவர் எந்த வழியிலும் போகலாம். 10, 11 மாதம் வெளியே இருந்துவிட்டுப் போகிறவர், அமெரிக்காவில் இறங்கியபின் இமிக்ரேஷன் வரும் ரூட்டைப் பிடிப்பது மேல்.

ஆலந்தூர்: எனக்குத் தெரிந்த நாலு பேர் அபுதாபி வழியாகப் பிரச்சினை இல்லாமல் போயிருக்கிறார்கள்.

பிரச்சினை இல்லாதவர்கள் பிரச்சினை இல்லாமல் போயிருக்கிறார்கள். அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

பெசன்ட் நகர் ஐயாவுக்கு விட்டுப்போன ஒன்று: கடந்த 15 வரி ஆண்டுகளில் 8 ஆண்டில் கார்டு வைத்திருந்தவர் ஒப்படைத்தால், வெளியேறும் வரி விதிகள் பொருந்தலாம். 8854 படிவம் வரும். ஐ-407-க்கு முன் கணக்காளரிடம் இதைக் கேளுங்கள்.

ஓஎம்ஆர்: கம்பெனி இங்கே மாற்றியது, 14 மாதம். எஸ்பி-1 கிடைக்குமா? வரி மிச்சம் என்று கணக்காளர் 1040-என்ஆர் போட்டுக் கொடுத்தார்.

அந்தப் படிவத்தை முதலில் சரி செய்யுங்கள். 1040-என்ஆர் என்பது ‘நான் அங்கே வசிக்காதவன்’ என்று நீங்களே எழுதிக் கொடுப்பது. இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் காட்டி இந்தியக் குடியிருப்பாளராகச் சலுகை கேட்பதும் அதே கதை. கிரீன் கார்டு இருக்கும்வரை 1040 போட்டு, உலக வருமானம் முழுவதையும் காட்ட வேண்டும். இந்தியக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் எந்த நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையும் தனி.

எஸ்பி-1: விருப்பப்பட்டு ஏற்ற வேலை மாற்றம் ‘கையை மீறிய காரணம்’ ஆகாது. வாய்ப்பு குறைவு.

கொளத்தூர்: கோவிட் என்று காரணம் சொல்லலாமா?

இந்தியாவில் வழக்கமான சர்வதேச விமானங்கள் 2020 மார்ச் 23 முதல் 2022 மார்ச் 26 வரை நிறுத்தம். அதற்கு நடுவிலும் சிறப்பு விமானங்கள் ஓடின. அதற்குப்பின் என்ன செய்தீர்கள் என்பதுதான் கேள்வி.

போரூர்: கனடா பிஆர். கார்டு காலாவதி. கடந்த 5 வருடத்தில் 400 நாள்தான் அங்கே. அந்தஸ்து போய்விட்டதா?

போகவில்லை. கனடாவில் கார்டு காலாவதியானாலோ, நாள் குறைந்தாலோ அந்தஸ்து தானாகப் போகாது. அதிகாரி முறைப்படி முடிவெடுத்து, மேல்முறையீடும் முடிந்தால்தான் போகும். அமெரிக்கக் கணக்கை இதோடு கலக்காதீர்கள். கனடாவில் எண்ணம் இரண்டாம்பட்சம். 5 வருடத்தில் 730 நாள் என்பதே பேச்சு. சோதிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். கனடாக் குடிமகனான கணவன் அல்லது மனைவியோடு வெளிநாட்டில் வசித்த நாளும், கனடா நிறுவனம் முழுநேர வேலைக்காக வெளியே அனுப்பிய நாளும் கணக்கில் சேரும். முதலில் அதைக் கூட்டிப் பாருங்கள்.

விமானத்தில் ஏற பிஆர் பயண ஆவணம் வேண்டும், கட்டணம் 50 கனடிய டாலர். அதற்கு விண்ணப்பித்தாலே நாள் கணக்கைப் பார்ப்பார்கள். மனிதாபிமானக் காரணங்களை அதிலேயே ஆவணத்தோடு எழுதுங்கள். பிறகு சேர்க்கலாம் என்று விடாதீர்கள். மறுத்தால் மேல்முறையீட்டுக்கு 60 நாள். கடந்த 365 நாளில் ஒரு முறையாவது கனடாவில் இருந்து, மேல்முறையீடும் செய்திருந்தால், விசாரணைக்காகத் திரும்பப் பயண ஆவணம் கிடைக்கும்.

அமெரிக்க விசா இருப்பவர்கள் அங்கே போய், சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ தரை எல்லை வழியாக நுழைவதுண்டு. பிஆர் என்று நிரூபித்தால் உள்ளே விட்டாக வேண்டும். ஆனால் அதிகாரி அறிக்கை எழுதி வெளியேற்ற உத்தரவு வந்தால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். அறிக்கை இல்லாமல் விட்டுவிட்டால், 730 நாள் சேரும்வரை கார்டு புதுப்பிக்கவோ யாரையும் ஸ்பான்சர் செய்யவோ போகாதீர்கள்.

வளசரவாக்கம்: கனடாவுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் வந்தால் போதும்தானே?

மறுபடியும் ஆறு மாதம். மேலே போரூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குரோம்பேட்டை: ஆஸ்திரேலியா பிஆர், பயண வசதி முடிந்துவிட்டது.

சப்கிளாஸ் 155, அதாவது அங்கே திரும்பும் குடியிருப்பாளர் விசா. கடந்த 5 வருடத்தில் 2 வருடம் அங்கே இருந்திருந்தால் 5 வருடத்துக்குக் கிடைக்கும். இல்லையென்றால் வேலை, தொழில், குடும்பம், கலாசாரம் இவற்றில் கணிசமான தொடர்பைக் காட்டி அதிகபட்சம் 12 மாதம். தொடர்ந்து 5 வருடம் வெளியே இருந்தவர், அதற்கு வலுவான காரணமும் காட்ட வேண்டும்.

ராயபுரம்: இங்கிலாந்து ஐஎல்ஆர் (அங்கே பிஆர் போன்றது), வெளியே வந்து 26 மாதம் ஆகிறது.

தொடர்ந்து 2 வருடம் தாண்டினால் செல்லாது. ரிட்டர்னிங் ரெசிடென்ட் விசாவுக்குப் போடுங்கள்.

திருவான்மியூர்: எச்-1பி ஸ்டாம்பிங் தேதி கிடைக்கவில்லை...

இது பிஆர் பகுதி. வேறு இடத்தில் கேளுங்கள்.

அம்பத்தூர்: சென்னையில் இப்போது பலருக்கு இ-கேட் என்ற தானியங்கி இமிக்ரேஷன் வாயில், பாஸ்போர்ட்டில் முத்திரையே இல்லை. எத்தனை மாதம் இருந்தேன் என்று அமெரிக்க அதிகாரிகளுக்கு எப்படித் தெரியும்?

ஏர்லைன் பயணிகள் பட்டியலை ஒவ்வொரு பயணத்துக்கும் அனுப்புகிறது. உங்கள் தேதிகள் அவர்கள் திரையில் இருக்கும். பொய் சொல்லி மாட்டினால் அது தனிக் குற்றச்சாட்டு.

பெரம்பூர்: 7 மாதத்தில் திரும்புகிறேன். குடியுரிமைக்கு பாதிப்பா?

6 மாதத்தைத் தாண்டியதால் தொடர் வசிப்பு முறிந்ததாக அனுமானிப்பார்கள். வேலை, வீடு, குடும்பம் அங்கேயே இருந்ததைக் காட்டி மறுக்கலாம். ஒரு வருடம் தாண்டியிருந்தால் முறிந்தது முறிந்ததுதான். ஐந்து வருட வசிப்பைக் காட்டிக் குடியுரிமை கேட்கும் வழியில் இருப்பவர், திரும்பிய நாளிலிருந்து 4 வருடமும் 1 நாளும் கழித்து விண்ணப்பிக்கலாம். ரீ-என்ட்ரி பெர்மிட் இதைக் காப்பாற்றாது.

மடிப்பாக்கம்: 10 வருடக் கார்டு காலாவதி. வெளியே 4 மாதம்தான்.

10 வருட அட்டை என்றால் காலாவதியானாலும் ஏற்றலாம் என்றே ஏர்லைன்களுக்கு அமெரிக்க எல்லைத் துறை தந்த வழிகாட்டி சொல்கிறது. கவுன்ட்டரில் அது தெரியாமல் தகராறு செய்வார்கள்; அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே போங்கள். 2 வருட நிபந்தனைக் கார்டுக்கு இது பொருந்தாது. அதற்கு, நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவின் ரசீது கையில் வேண்டும். கார்டே தொலைந்திருந்தால், விமானத்தில் ஏற ஆவணம் கேட்கும் ஐ-131ஏ படிவம்.

மேடவாக்கம்: சார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை...

வேளச்சேரிக்குச் சொன்ன பதில்.