அசிமோவைக் கொண்டாடுவது எண்ணிக்கைக்காகத்தானா? இன்று படித்தால் எதிலிருந்து தொடங்குவது?

அசிமோவ் என்றதும் ‘500 நூல் எழுதியவர்’ என்றுதான் சொல்வார்கள், முதலில் அந்த 500 என்ற எண்ணை ஓரம்கட்டிவிடலாம். அறிவியல் புனைகதைகளும் அறிவியல் கட்டுரைகளும் எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஐசக் அசிமோவ் பெயரில் ஏறக்குறைய அத்தனை நூல்கள் இருப்பது உண்மைதான். ஆனால் அவற்றில் பிறர் கதைகளை அவர் தொகுத்த திரட்டுகளே நூற்றுக்கு மேல். சிறுவர்களுக்கான மெல்லிய அறிவியல் புத்தகங்களும் நிறைய. வேகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வேறு கணக்கு இருக்கிறது. முதல் நாவல் 1950இல் வந்தது. நூறாவது நூல் 1969, இருநூறாவது 1979, முந்நூறாவது 1984. முதல் நூறுக்கு ஏறக்குறைய இருபது ஆண்டு, அடுத்த நூறுக்குப் பத்து, அதற்கடுத்த நூறுக்கு ஐந்து. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் கற்பித்தவர் 1958இல் முழுநேர எழுத்துக்கு வந்துவிட்டார். தானே தட்டச்சு செய்வார், இரண்டு படிக்கு மேல் திருத்துவது அபூர்வம். விமானம் ஏறப் பயம் என்பதால் நெடும்பயணங்களிலும் நேரம் செலவாகவில்லை. வேகத்தின் ரகசியம் இவ்வளவே. அதற்காக மட்டும் ஒருவரைக் கொண்டாட வேண்டியதில்லை.

என் கணக்கில் அவருடைய பலம் வேறு. ஒரு விதியை வெளிப்படையாக மேசைமேல் வைப்பார், அது எந்த இடத்தில் வளைகிறது என்று படிப்படியாகக் காட்டுவார். கதையிலும் இதைத்தான் செய்தார், கட்டுரையிலும் இதைத்தான் செய்தார். அதனால் ஒன்றைப் படித்தால் மற்றது இன்னும் நன்றாகப் புரியும்.

1942 மார்ச்சில் வந்த ‘ரன்அரவுண்ட்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ரோபாட்டுகளின் மூன்று விதிகளும் முழுமையாக வரிசைப்படுத்திச் சொல்லப்பட்டது இதில்தான். மனிதனுக்குத் தீங்கு செய்யாதே, தீங்கு நேரவும் விடாதே. முதல் விதிக்கு முரணில்லாதவரை கட்டளைக்குக் கீழ்ப்படி. முதல் இரண்டுக்கும் முரணில்லாதவரை உன்னைக் காத்துக்கொள். பலர் இதை ஏதோ அறநூல் போல மேற்கோள் காட்டுகிறார்கள். கதையில் இது ஒரு பழுதுபார்ப்பு வேலை.

இடம் புதன் கோள். வெயிலிலிருந்து நிலையத்தைக் காக்கும் ஒளிமின்கலங்களுக்கு செலீனியம் வேண்டும். எடுத்துவர ஸ்பீடி என்ற ரோபாட்டை அனுப்புகிறார்கள். போனது திரும்பவில்லை, செலீனியக் குட்டையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம் இரண்டு. கட்டளையை அழுத்திச் சொல்லாமல் போகிற போக்கில் சொன்னார்கள், ஆகவே இரண்டாம் விதியின் இழுப்பு குறைவு. ஸ்பீடி விலை உயர்ந்த மாதிரி என்பதால் தயாரிப்பிலேயே மூன்றாம் விதியைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். குட்டைக்கருகே எரிமலை வாயுவில் வரும் கார்பன் மோனாக்சைடு இரும்போடு சேர்ந்து இரும்பு கார்போனைலாகிவிடும், அதாவது ரோபாட்டின் உடம்பை அரிக்கும். நெருங்கினால் ஆபத்து தள்ளுகிறது, விலகினால் கட்டளை இழுக்கிறது. இரண்டும் சமமாகும் தூரத்தில் ஒரு வட்டம்!

அடுத்த கட்டம் இன்னும் அருமை. ஆக்சாலிக் அமிலக் குடுவைகளை ஸ்பீடியின் வழியில் எறிகிறார்கள். புதனின் வெப்பத்தில் அது சிதைந்து கார்பன் மோனாக்சைடைத் தரும், ஆபத்து கூடினால் ஸ்பீடி நிலையத்துக்குத் திரும்பும் என்பது யோசனை. திரும்பவில்லை. சற்றுத் தள்ளிப்போய் வேறொரு தூரத்தில் புதிய சமநிலையைப் பிடித்துக்கொண்டு மறுபடி சுற்றுகிறது. ஒரு எண்ணை மாற்றினால் சமன்பாடு மறையாது, தீர்வு இடம் மாறும், அவ்வளவுதான். கடைசியில் ஒருவர் தன் உயிரையே பணயம் வைத்து வெயிலில் இறங்குகிறார், முதல் விதி விழித்துக்கொள்கிறது. வேதியியல் தெரிந்தவர் மட்டுமே எழுதக்கூடிய கதை. அவருடைய முனைவர் பட்டமும் வேதியியலில்தான், கொலம்பியா பல்கலைக்கழகம், 1948.

ஒரு விண்வெளிப் பேரரசின் வீழ்ச்சியை முன்கூட்டியே கணித்துத் திட்டமிடுவதைப் பற்றிய ‘ஃபவுண்டேஷன்’ தொடரின் மூலக்கருவும் ஒரு பாடப்புத்தக விஷயம்: வாயுக்களின் இயக்கவியற் கொள்கை. ஒரு மூலக்கூறு எங்கே போகும் என்று சொல்ல முடியாது, கோடிகோடியாகச் சேர்ந்தால் அழுத்தத்தைத் துல்லியமாகச் சொல்லலாம். இதை மனிதக் கூட்டத்துக்குப் பொருத்தியதுதான் கதையில் வரும் ‘சைக்கோஹிஸ்டரி’. எண்ணிக்கை ஏன் பெரிதாக இருக்க வேண்டும் என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். தற்செயல் ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டி இருக்கும். 10,000 பேரில் சுமார் 100, அதாவது 1 சதவீதம். 100 கோடிப் பேரில் சுமார் 32,000, அது வெறும் 0.003 சதவீதம்.

ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது. இந்தக் கணக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவெடுக்கும்போதுதான் செல்லும். மூலக்கூறுகள் ஒன்றையொன்று பார்த்து நடப்பதில்லை. மனிதர்கள் பார்த்துதான் நடக்கிறார்கள். ஒரு வதந்திக்குக் கோடிப் பேர் ஒரே பக்கம் ஓடினால் வர்க்கமூலம் உதவாது. அசிமோவ் கதைக்குள் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்: கூட்டம் மிகப் பெரிதாக இருக்க வேண்டும், கணிப்பு கூட்டத்துக்குத் தெரியக்கூடாது. பிறகு 1945இல் ‘மியூல்’ என்ற பாத்திரத்தைக் கொண்டுவந்து, ஒரே ஒருவன் கோடிப் பேரின் உணர்ச்சியைத் திருப்பினால் அந்தக் கணிப்பை நம்பிப் போட்ட திட்டம் என்னவாகும் என்று பார்த்தார். திட்டத்தைக் குலைக்கச் சொன்னவர் பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்பெல். அசிமோவுக்கு முதலில் விருப்பமில்லை. தொடரின் சிறந்த பகுதி அதுவாகத்தான் அமைந்தது.

கட்டுரைகளுக்கு வருவோம். 1958 நவம்பர் முதல் ஒரு அறிவியல் புனைகதை இதழில் மாதம் ஒன்றாக 399 கட்டுரைகள். இவற்றுக்காக 1963இல் அறிவியல் புனைகதைத் துறையின் ஹ்யூகோ விருதையும் தனியாகக் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் 1986இல் வந்த ‘தி ரிலேட்டிவிட்டி ஆஃப் ராங்’. “இன்றைய அறிவியலும் நாளை தவறாகிவிடும், அப்புறம் என்ன நம்பிக்கை?” என்பவர்களுக்கான பதில். பூமி தட்டை என்றால் மைலுக்கு வளைவு பூஜ்யம். உருண்டை என்றால் மைலுக்கு ஏறக்குறைய 8 அங்குலம். துருவங்களில் தட்டையான உருண்டை என்றால் இடத்துக்கு இடம் 7.973 முதல் 8.027 அங்குலம். முதல் திருத்தம் 0-விலிருந்து 8-க்கு. இரண்டாவது திருத்தம் வெறும் 0.027 அளவு. தவறுகள் எல்லாம் ஒரே அளவுத் தவறுகள் அல்ல என்பதை வாதாடாமல் எண்ணைக் காட்டியே முடித்துவிடுகிறார்.

இந்த 8 அங்குலத்தை எடுத்துக்கொண்டு சறுக்குபவர்கள் உண்டு. அதைத் தூரத்தால் நேராகப் பெருக்கக்கூடாது. வளைவால் தரை கீழிறங்கும் தாழ்வு தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: தூரத்தின் வர்க்கத்தை பூமி விட்டத்தால் வகுக்க வேண்டும். 1 கி.மீ.க்கு சுமார் 8 செ.மீ., 10 கி.மீ.க்கு 80 செ.மீ. அல்ல, ஏறக்குறைய 8 மீட்டர்.

கட்டுரைகளை வாங்கும்போது ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். அறிவியல் முழுவதையும் சுற்றிக் காட்டும் அவருடைய பெரிய வழிகாட்டி 1960, 1965, 1972, 1984 என நான்கு பதிப்புகளாக, பெயர் மாறி மாறி வந்தது. பழைய புத்தகக் கடையில் கிடைக்கிறதென்று 1960 பதிப்பை எடுத்தால் அதில் குவாசர் (மிகத் தொலைவில் பேரொளியுடன் இருக்கும் விண்பொருள்) இருக்காது, பெருவெடிப்பின் மிச்சமான பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சும் இருக்காது. முன்னது 1963இல் அடையாளம் காணப்பட்டது, பின்னது 1965இல் அறிவிக்கப்பட்டது. 1984 பதிப்புதான் சரி. புளூட்டோவைப் பற்றி 1978க்கு முன் எழுதியதில் நிறையை நம்ப வேண்டாம். துணைக்கோள் கேரன் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் அது எவ்வளவு சிறியது என்று தெரிந்தது. 1966இல் மூன்று தொகுதிகளாக வந்த ‘அண்டர்ஸ்டாண்டிங் ஃபிசிக்ஸ்’ பரவாயில்லை. இயக்கவியலும் வெப்பமும் மின்சாரமும் பழசாகிவிடாது.

கதைகளிலும் காலாவதியானவை உண்டு. 1956இல் வந்த ‘தி டையிங் நைட்’ துப்பறியும் கதையின் தீர்வே, புதன் எப்போதும் ஒரே முகத்தைத்தான் சூரியனுக்குக் காட்டும் என்பதன்மேல் நிற்கிறது. 1965இல் ரேடார் மூலம் அது சுமார் 59 நாளுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது என்று தெரிந்துபோயிற்று. அவர் கதையை மாற்றவில்லை, பின்குறிப்பு சேர்த்தார். எவரெஸ்ட்டில் மனிதன் ஏறவே முடியாது என்ற கதை ஒன்று 1953 டிசம்பரில் அச்சாகி வந்தது, மே மாதமே ஏறியாகிவிட்டது!

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பாத்திரங்கள் தட்டையானவை, ஆட்கள் உட்கார்ந்து பேசிப் பேசியே பேரரசுகள் விழும். நடை வேண்டுமென்றே சாதாரணமாக வைக்கப்பட்டது, வர்ணனையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். விழாக்களில் பெண்களிடம் அத்துமீறி நடந்துகொண்டார் என்பதும் பதிவாகியிருக்கும் உண்மை, அதை ‘அந்தக் காலம் அப்படி’ என்று மெழுகத் தேவையில்லை.

தொடங்குவதற்கு 1950இல் வந்த ‘ஐ, ரோபாட்’ தொகுப்பு, வரிசை மாற்றாமல். பிறகு 1956இல் எழுதிய ‘தி லாஸ்ட் க்வெஸ்சன்’ சிறுகதை. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை ஒருமுறை புரட்டிவிட்டுப் படித்தால் முடிவு சரியாக இறங்கும். ரோபாட் நாவல்களில் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ முதலில், ‘தி நேக்கட் சன்’ அடுத்து. ‘ஃபவுண்டேஷன்’ தொடரை வெளிவந்த வரிசையில் படியுங்கள்: 1951, 1952, 1953. முதல் புத்தகத்தின் முதல் பகுதி மட்டும் 1951இல் நூலுக்காகப் புதிதாக எழுதிச் சேர்த்தது, மற்ற நான்கும் 1942 முதல் 1944 வரை இதழில் வந்தவை. நடையில் சிறு மாற்றம் தெரிந்தால் காரணம் அதுதான். கதைக்காலப்படி முன்னால் நடப்பதால் 1988இல் வந்த ‘ப்ரெலூட்’ நாவலை முதலில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ரோபாட் கதைகளையும் ஃபவுண்டேஷனையும் ஒட்டவைக்கும் முடிச்சு அதில் அவிழ்ந்துவிடுகிறது. 1982 முதல் வந்த தொடர்ச்சிகளை முதல் மூன்றும் பிடித்திருந்தால் மட்டும் எடுங்கள்.