அடங்கலில் யார் பெயர்? – கடிதம்

வணக்கம் ஐயா,

டெல்டாவில் பருவம் தப்பிப் பெய்யும் மழையைப் பற்றி எழுத ஆரம்பித்து, ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற நில உச்சவரம்பில் போய் முடித்திருக்கிறீர்கள். அதெல்லாம் எங்கள் தாத்தா காலத்துச் சண்டை. நிலத்தைப் பிரித்துக் கொடுத்தால் மழை சரியாகப் பெய்துவிடுமா?

வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

பெய்யாது. ஆனால் மழை கெடுத்தபின் யார் எழுந்து நிற்பார், யார் கடனில் விழுவார் என்பது நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

2021 ஜனவரி உங்களுக்கு நினைவிருக்கும். அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே நெல் முளைவிட்டது. 2023 பிப்ரவரியில் மறுபடியும் மழை. பயிர்க் காப்பீடு என்று போனால் முதலில் கேட்பது நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டா, எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கல். வாய்மொழிக் குத்தகைக்காரர் அதற்கு நிலக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும். எழுத்தில் கொடுத்தால் குத்தகைக்காரர் நாளைக்கு உரிமை கொண்டாடுவாரோ என்று நிலக்காரருக்குப் பயம். கொடுக்கிற நல்லவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. மத்திய அரசு பிஎம் கிசான் திட்டத்தில் வருஷத்துக்குத் தரும் 6,000 ரூபாயும் பட்டாக்காரருக்குத்தான்.

1969-லேயே குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. பதிந்தவர்கள் பிழைத்தார்கள். மற்ற இடங்களில் எழுத்தே இல்லாத, வருஷா வருஷம் கை மாறுகிற குத்தகை நிலைத்தது.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் வைத்தால், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு நெல்வயலில் குறையும் என்கிறார்கள். சரிதான், எப்போதும் நீர் கட்டிக் கிடக்கும் சேற்றில் காற்றுப் புகாமல்தான் அது உண்டாகிறது. ஆனால் அதற்கு வயல் மட்டமாக இருக்க வேண்டும், வேண்டும்போது தண்ணீர் கைவசம் இருக்க வேண்டும். அடுத்த போகத்துக்கு வயல் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர் மட்டம் தட்டுவாரா? பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவாரா? விளைந்தாலும் விளையாவிட்டாலும் குத்தகை மூட்டையை அளந்தாக வேண்டும்.

தாத்தா காலம் என்கிறீர்கள். கீழத்தஞ்சையில் நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்த சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன்தான், இறால் பண்ணைகளால் வயலும் கிணறும் உப்பாவதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அவருக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் இருந்தது.

உச்சவரம்பு 1961-ல் 30 தர ஏக்கர் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்), 1970-ல் 15. அதை இன்னும் குறைத்துத் துண்டு போடுவதில் எனக்கும் நம்பிக்கை இல்லை. நான் கேட்பது அடங்கலில் சாகுபடி செய்பவரின் பெயர். கோயில், மடத்து நிலங்களிலிருந்து ஆரம்பிக்கலாம். அங்கேயும் பதிவேட்டில் ஒருவர் பெயர் இருக்க, உள்குத்தகைக்கு எடுத்து வயலில் இறங்குபவர் வேறொருவராக இருப்பதை உங்கள் ஊர்ப்பக்கமே பார்க்கலாம்.