எல்லோரும் சொல்வதால் புவி வெப்பமாதலை நம்பலாமா?

ஊரே சொல்கிறது என்று ஏற்பது சுயசிந்தனையா என்று கேட்கிறீர்கள். இல்லை. ஊர் சொல்கிறது என்பதற்காகவே மறுப்பதும் சுயசிந்தனை இல்லை. இரண்டு பேருமே கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

போட்டுப் பார்த்தவர் இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர். வானிலை நிலையங்களைச் சுற்றி நகரம் வளர்ந்ததால்தான் வெப்பம் கூடியதாகத் தெரிகிறதோ, வசதியான நிலையங்களை மட்டும் விஞ்ஞானிகள் பொறுக்கினார்களோ என்று அவருக்குச் சந்தேகம். 2010இல் பெர்க்லி எர்த் குழுவைத் தொடங்கினார். நிதியில் ஒரு பங்கு எண்ணெய்த் தொழிலதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளை தந்தது! 36,000க்கும் மேற்பட்ட நிலையங்களின் பதிவுகளை எடுத்து, நகரத்துக்கு வெளியே உள்ளவற்றைத் தனியாகவும் கணக்கிட்டார்கள். மற்ற விஞ்ஞானிகள் முன்பே வரைந்திருந்த, வெப்பநிலை ஏறும் அதே கோடுதான் திரும்ப வந்தது. 2012இல் மனிதரே காரணம் என்று முல்லர் வெளிப்படையாக எழுதினார்.

நீங்களும் பார்க்கலாம். நாசாவின் ஆண்டு வெப்பநிலை அட்டவணை இணையத்தில் இலவசம். எக்செல்லில் போட்டு வரைபடம் எடுங்கள். வழுக்குமிடம் தொடக்க ஆண்டு. 1998 வலுவான எல் நினோவால், அதாவது பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வால், சூடான ஆண்டு. அங்கே தொடங்கி 2012இல் நிறுத்தினால் கோடு கிட்டத்தட்டப் படுத்துவிடும். 1970இலிருந்து வரைந்தால் ஏறும். குறைந்தது 30 ஆண்டு வேண்டும்.

சூரியன்தான் காரணம் என்பவர்களிடம் ஒன்று கேளுங்கள்: அப்படியானால் வளிமண்டலத்தின் மேலடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியரும் சூடாக வேண்டுமே, அது ஏன் குளிர்ந்திருக்கிறது?

கரியமில வாயுவை வெளியிடுவோருக்குக் கார்பன் வரி போடலாமா என்பது வேறு விவகாரம். அதை எந்தத் தெர்மாமீட்டரும் சொல்லாது.