கொல்லையில் கல்மரம் கிடைத்தால் புரோக்கருக்குப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: வானூர் வட்டத்தில் எங்கள் நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டும்போது ஆள் நீளத்துக்கு ஒரு கல்மரத் துண்டு கிடைத்தது. "கோடிக்கணக்கில் விலை போகும், சோதனைச் சான்றிதழுக்கு ஐம்பதாயிரம் கட்டுங்கள்" என்கிறார் ஒருவர். கட்டலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

உங்கள் பகுதியில் இருப்பது கடலூர் மணற்பாறை என்ற கடலோரப் பாறையடுக்கு. பக்கத்தில் திருவக்கரையில் 247 ஏக்கர் கல்மரப் பூங்காவில் கிடப்பவையும் இதே சரக்குதான், வயது சுமார் 2 கோடி ஆண்டு. வெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்த மரங்கள் என்பதால் கிளை, வேர், பட்டை இருக்காது. நிலத்தடி நீரிலிருந்த சிலிக்கா (மணலில் உள்ள கனிமம்) உள்ளே படிந்து கல்லாகிவிட்டது. உடைந்த முகத்தில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், மரத்தின் துளைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். கத்தியால் கீறினால் கல்லில் கீறல் விழாது, கத்தியின் இரும்புதான் சாம்பல் நிறக் கோடாக ஒட்டும். என்ன மரம் என்று அறிய, மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

புரோக்கர் கொண்டுவரும் 'மெஷின்' இதில் எதையும் காட்டாது. இரிடியம், அரிசி இழுக்கும் கலசம் என்று ஊரை ஏமாற்றிய அதே கூட்டம் இப்போது கல்மரத்துக்கு வந்திருக்கிறது. முதலில் சான்றிதழ், அப்புறம் 'வெளிநாட்டு பார்ட்டி', அப்புறம் லாரி வாடகை. வழியில் மறித்து பர்மிட் கேட்டால் மாட்டுவது நீங்கள்தான், அவர் அல்ல.

கல்மரத்தைப் பெயர்க்காமல் கிடக்கும் இடத்திலேயே விடுங்கள். இதற்கு ஒன்று மட்டும் விதிவிலக்கு. தோண்டிய களிமண்ணில் இலைப் பதிவு தெரிந்தால் வேலையை நிறுத்துங்கள். கழுவாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். காய்ந்தால் ஏடு ஏடாக உரிந்துவிடும். மண்ணோடு பெயர்த்து, செய்தித்தாளில் சுற்றி, நிழலில் வையுங்கள். எவ்வளவு ஆழத்தில் எடுத்தது என்று எழுதி வையுங்கள். ஆழம் தெரியாத பதிவு ஆய்வுக்குப் பாதிதான் பயன்படும்.

கல்மரத் துண்டின் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் சென்னையிலுள்ள இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கும் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டும், பழகிக்கொள்ளுங்கள். கல்மரம் போன்ற புவிமரபுப் பொருள்களுக்கென்று ஒரு சட்ட வரைவு வெளியாகவே 2022 ஆனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஜிபேயில் ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டிருந்தால் இன்றே இணைய மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள்.